ஆறு நாள் தேனிலவு: டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், மணாலி முடியுமா?

ஈரோட்டு மாப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். தை 25 கல்யாணம். மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்து எல்லாம் முடித்துவிட்டு மாசி பிறந்ததும் வடக்கே ஒரு சுற்று போகலாம் என்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் திருப்பதிக்கு மேலே யாரும் போனதில்லை, அதனால் கேட்க ஆள் இல்லை. நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது:

வியாழன் காலை கோவையிலிருந்து விமானம், மாலை இந்தியா கேட்.
வெள்ளி ஆக்ரா. தாஜ்மகால் பார்த்துவிட்டு இரவே ஜெய்ப்பூர்.
சனி ஜெய்ப்பூர், இரவு பஸ்ஸில் மணாலி.
ஞாயிறு மணாலி, பனி. இரவு பஸ்ஸில் டெல்லி.
திங்கள் செங்கோட்டை, அக்ஷர்தாம்.
செவ்வாய் சாந்தினி சௌக்கில் ஷாப்பிங், மாலை விமானம்.

விமானம் போக 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். காரை மொத்தமாகப் பேசிவிடலாமா, ரயிலா? ஸ்வெட்டர் இங்கேயே எடுத்துக்கொள்வதா, அங்கே போய் வாங்குவதா? இந்தி எனக்குத் தோடா தோடாதான்.

ரயில் பைத்தியம்:

வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை, அக்ஷர்தாமுக்கும் அதே நாள்தான். ஒவ்வொரு ஊரிலும் பூட்டைப் பார்த்துவிட்டு வருவதற்கு 60,000 கொஞ்சம் அதிகம் நண்பரே.

முனிர்க்கா அக்கா:

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் கல்யாணமாகி டெல்லி வந்து 22 வருஷம் ஆகிறது. முனிர்க்காவில் இருக்கிறோம், மலை மந்திர் முருகன் கோயில் பக்கம்தான். ஒவ்வொரு தை, மாசிக்கும் ஊரிலிருந்து புது ஜோடி ஒன்றாவது எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரும். எல்லார் கையிலும் உங்களுடையது மாதிரியே ஒரு தாள் இருக்கும். மூன்றாம் நாள் சாப்பிட உட்காரும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை, தூக்கமில்லாததுதான்.

முதலில் மணாலியைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். டெல்லியிலிருந்தே 500 கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதையில் 12 மணி நேரத்துக்குக் குறையாது. நீங்கள் ஜெய்ப்பூரிலிருந்து ஏறுவதாகச் சொல்கிறீர்கள், அதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் சேரும். சாயங்காலம் போய் இறங்கி, டீ குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏற வேண்டியதுதான். வாந்தி மாத்திரை மறக்காதீர்கள் என்று சொல்வதைவிடப் போகாதீர்கள் என்று சொல்வது மேல்.

ஜெய்ப்பூரையும் விடச் சொல்வேன், அது கொஞ்சம் வருத்தத்தோடு. ஆமேர் கோட்டை அவ்வளவு அழகு. ஆனால் டெல்லியிலிருந்து 280 கிலோமீட்டர், இரண்டு நாளாவது தங்கினால்தான் பார்த்த மாதிரி இருக்கும். டெல்லியும் ஆக்ராவும் ஆறு நாளுக்குத் தாராளம்.

ஆக்ராவுக்குக் கார் வேண்டாம், கதிமான் எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். நிஜாமுதீன் ஸ்டேஷனில் காலை எட்டு மணி வாக்கில் கிளம்பி 100 நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட். 160 கிலோமீட்டர் வேகம் வரை போகும், நம் ஊர்ப் பக்கம் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜ்மகால் இல்லாத நாளில் அதற்கு என்ன வேலை. சனிக்கிழமை போய் ஒரு ராத்திரி தங்குங்கள். அன்றைக்கு ஆக்ரா கோட்டை. ஷாஜகானை மகன் ஔரங்கசீப் 1658-லிருந்து சாகும் வரை எட்டு வருஷம் அடைத்து வைத்தது அங்கேதான். யமுனைப் பக்கம் எண்கோண மாடம் ஒன்று இருக்கிறது, அங்கே நின்று பார்த்தால் ஆற்றின் வளைவுக்கு அந்தப்பக்கம் தாஜ் கையளவு தெரியும். சாயங்காலம் ஆற்றைக் கடந்து மெஹ்தாப் பாக். தாஜின் பின்பக்கம் முழுசாகத் தெரியும், கூட்டமும் குறைவு. மறுநாள் விடிகாலை உள்ளே போங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலேயே திறந்துவிடுவார்கள். டிக்கெட் 50 ரூபாய், சமாதி இருக்கும் மண்டபத்துக்குள் போக இன்னும் 200. ஒரு டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு.

திங்கட்கிழமைக்கு டெல்லியிலேயே இருக்கும் ஹுமாயூன் கல்லறையை வையுங்கள், அது எல்லா நாளும் திறந்திருக்கும். புருஷன் பெண்டாட்டிக்குக் கட்டியதைப் பார்க்கத்தான் எல்லாரும் ஆக்ராவுக்கு ஓடுகிறார்கள். இது பெண்டாட்டி புருஷனுக்குக் கட்டியது, தாஜுக்கு அறுபது வருஷம் மூத்தது. பார்க்கத் தாஜின் அக்கா மாதிரி இருக்கும், சிவப்புக் கல்லில். எனக்கு இதுதான் பிடிக்கும். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி, பிப்ரவரியில் பூ பூத்துக் கிடக்கும். பிரியாணி கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டால் மத்தியானம் போவதே தெரியாது.

ஸ்வெட்டர் ஈரோட்டில் வாங்காதீர்கள். மாசியில் இங்கே விடிகாலை 10 டிகிரி இருக்கும், மதியம் 22, 23 வந்துவிடும். ஒரு நல்ல ஜாக்கெட், அவளுக்கு ஒரு ஷால், இரண்டு பேருக்கும் காலுறை. பட்டுப்புடவையும் செருப்புமாக வந்து விறைத்து நின்ற ஒரு பெண்ணுக்கு என் காலுறையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பெண்ணுக்கு எங்கே போக ஆசை என்று ஒரு வரி இல்லையே. கேட்டீர்களா?

பனியில் தொலைந்தவன்:

அக்கா சொன்னதோடு என் அனுபவமும். நாங்கள் போனது ஜனவரி முதல் வாரம். காலை ஏழு மணிக்குத் தாஜின் பெரிய வாசலைத் தாண்டி உள்ளே நிற்கிறோம், எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளைத் துணி கட்டிய மாதிரி பனி. கால்வாய்த் தண்ணீர் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி "எங்கேப்பா அது?" என்று தமிழில் கேட்டார், மதுரைக்காரர். ஒன்பதரைக்கு மேல் முதலில் ஒரு மினார் வந்தது, அப்புறம் கலசம் மட்டும் தனியாக, அந்தரத்தில். முழுசாகத் தெரிவதற்குள் எங்கள் மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. மாசியில் இவ்வளவு இருக்காது. இருந்தாலும் விடிகாலையில் பனியைப் பார்த்தால் அவசரப்படாமல் ஒரு டீ குடித்துவிட்டு எட்டு மணிக்கு மேல் போங்கள்.

இன்னொன்று. நாங்கள் கார் பேசித்தான் போனோம். டிரைவர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். கோட்டைக்குப் போகும் வழியில் "அஞ்சே நிமிஷம், சும்மா பாருங்க" என்று ஒரு மார்பிள் கடையில் இறக்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம். தாஜ் கட்டியவர்களின் வாரிசு என்று ஒருவர் கல்லை உரசிக் காட்டுகிறார், டார்ச் அடித்துக் காட்டுகிறார். கடைசியில் வெட்கப்பட்டு 4,500 ரூபாய்க்கு ஒரு சின்ன தட்டு வாங்கினோம். அதையே ஸ்டேஷன் பக்கத்தில் 600-க்குப் பார்த்தபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை, அந்தத் தட்டில்தான் எனக்குத் தினமும் பிஸ்கெட் வருகிறது.

வாங்குவதென்றால் பேட்டா வாங்குங்கள். காசி அல்வாவுக்குப் போடுகிற அதே வெண்பூசணிதான், சர்க்கரைப் பாகில் ஊறிக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஈரோட்டு மாப்பிள்ளை:

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே அவளுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை கேட்கவில்லை. சர்ப்ரைஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆரி ஒர்க் பிளவுஸ் போடுகிறாள், வீட்டிலேயே இரண்டு பேரை வைத்து. தாஜ்மகால் சரி என்றாள், மணாலிக்கு "பஸ்ஸா?" என்றாள், அவ்வளவுதான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கினாரி பஜார்னு ஒண்ணு இருக்காமே, ஜரிகை, கல்லு, மணி எல்லாம் அங்கிருந்துதான் வருதாம், அங்க விடுவீங்களா?" என்றாள். விடுவீங்களா என்று கேட்டது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது எங்கே இருக்கிறது? செவ்வாய் மதியம் ஒரு மணி நேரம் போதுமா?

முனிர்க்கா அக்கா:

ஒரு மணி நேரமா! அந்தப் பெண்ணை அங்கே விட்டால் நீங்கள் ஒரு நாள் முழுக்கப் பை தூக்க வேண்டியதுதான்.

சாந்தினி சௌக்குக்குள்தான். மெட்ரோவில் மஞ்சள் லைன், ஸ்டேஷன் பெயரும் அதுவே. வெள்ளிக்கிழமையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் தாஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பதினொரு மணிக்கு மேல் போனால்தான் எல்லாம் திறந்திருக்கும். பகலில் பெரிய தெருவில் மோட்டார் வண்டி விடுவதில்லை, நடக்கலாம். தரீபா கலான் என்று வெள்ளிக்கடைத் தெரு, அதிலிருந்து பிரிகிற சந்துதான் கினாரி பஜார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டும், அவ்வளவு அகலம். தலைக்கு மேலே கோட்டா சரிகையும் கல்யாணத் தலைப்பாகையும் தொங்கும். சர்தோசிக் கம்பி, சமிக்கி, குந்தன் கல் எல்லாம் மலை மலையாக. கம்பியை எடை போட்டுத் தருவார்கள். முதல் கடையில் வாங்கச் சொல்லாதீர்கள், நாலு கடை விலை கேட்கட்டும். இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை, கால்குலேட்டரில் அடித்துக் காட்டுவார்கள். பேரத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தொழில் தெரிந்தவள் அவள்.

நடுவில் பசித்தால் தெருவில் தௌலத் கீ சாட் விற்பார்கள். பால் நுரைதான், மேலே குங்குமப்பூ, வாயில் வைத்தால் இருக்கிற இடம் தெரியாது. குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், மாசி கடைசியில் போய்விடும். சீக்கிரம் போய்ச் சாப்பிடுங்கள்.

வரும்போது ஒரு பெட்டியைக் காலியாகக் கொண்டு வாருங்கள். அப்புறம் டிக்கெட்டில் அவள் பெயரை ஆதாரில் இருக்கிறபடியே, அப்பா இனிஷியலோடு போடுங்கள். கல்யாணமான ஜோரில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு ஏர்போர்ட் வாசலில் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டு மாப்பிள்ளை:

அக்கா… டிக்கெட் போன வாரமே போட்டாயிற்று. என் பெயரைச் சேர்த்துத்தான் போட்டேன்.

முனிர்க்கா அக்கா:

தெரியும். இன்றைக்கே கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அவளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.