புதுப்பிப்பு: இறால், ஆமை வழக்கின் மூல ஆவணங்கள் கிடைத்துவிட்டன

கடலாமைகளைப் பாதுகாக்காமல் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா விதித்த இறக்குமதித் தடையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து தொடுத்த வழக்கின் ஆவணங்கள் எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கட்டணத் தரவுத்தளம் இல்லாமல் நடக்காது என்றார்கள் சிலர். தேவைப்படவில்லை.

உலக வர்த்தக அமைப்பின் ஆவணத் தளம் இலவசம். 'இறால்' என்று தேடினால் குப்பைதான் கொட்டுகிறது; வழக்கு எண்தான் சாவி. டி.எஸ்.58 என்று கொடுத்ததும் எல்லாம் வரிசையில் வந்தன. எண்ணுக்குப் பின் வெறும் 'ஆர்' என்றிருந்தால் விசாரணைக் குழுவின் அறிக்கை, 'ஏ.பி' சேர்ந்திருந்தால் மேல்முறையீட்டு அமைப்பினுடையது. இது தெரியாமல் 1998 மே மாத அறிக்கையையே இறுதித் தீர்ப்பென நம்பி இரண்டு நாள் குறிப்பெடுத்தேன். அக்டோபரில் வந்த மேல்முறையீட்டு அறிக்கை, ஆமையைத் 'தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம்' என்று ஏற்றுக்கொண்டு, தடையைச் செயல்படுத்திய விதத்தில்தான் பாரபட்சம் கண்டது. குறிப்பேட்டில் பாதியை அடித்துவிட்டேன்.

காட் எனப்படும் சுங்கவரி, வர்த்தகப் பொது ஒப்பந்தத்தில், இயற்கை வளப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கு தரும் 20ஆம் பிரிவு வேறெந்த வழக்குகளில் அலசப்பட்டது என்று பார்க்க, அதே அமைப்பின் பிரிவுவாரியான பகுப்பாய்வுத் தொகுப்பே போதும். 1995க்கு முந்தைய காட் தாள்கள் மட்டும் பாக்கி.