மூன்று கேள்விகளும் ஒரு பாட்டியும்

சில வருடங்களுக்கு முன் முதியோர் கணக்கெடுப்புக்காகக் கும்பகோணம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தனிமையை அளக்க எங்கள் கையில் இருந்தவை மூன்றே கேள்விகள். 2004-இல் அமெரிக்காவில் வெளியான சுருக்க அளவுகோல் அது. துணைக்கு ஆள் இல்லையென்று தோன்றுகிறதா, ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து விலகிக் கிடப்பதாகத் தோன்றுகிறதா? அரிதாக என்றால் 1, சில சமயம் 2, அடிக்கடி 3. கூட்டினால் 3 முதல் 9 வரை. ‘தனிமை’ என்ற சொல்லே எதிலும் வராது. அதுவும் நல்லதுதான், நேராகக் கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம் இரண்டாவது கேள்வியைப் படித்தேன். கை நின்றுவிட்டது. “என்னை ஒதுக்கிவைக்க நான் என்னடா தப்பு செய்தேன்?” என்றார். தவறு என்னுடையது. நம் ஊரில் ஒதுக்கிவைப்பது என்றால் ஊர் கூடிச் செய்கிற தண்டனை அல்லவா? தாளை மடித்துவிட்டு, “உங்களை விட்டுவிட்டு மற்றவர்கள் ஏதாவது காரியம் செய்துவிட்டார்கள் என்று நினைப்பதுண்டா, பாட்டி?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “பேத்திக்குச் சடங்கு சுற்றியதைப் போட்டோவில்தான் பார்த்தேன்” என்றார்.

3 என்று குறித்தேன்.

*

மேலே எழுதியவர் செய்த அதே கணக்கெடுப்பு வேலையை நானும் செய்திருக்கிறேன். எனக்கு வாய்த்தவர் நேர்மாறு. மனைவி போய்ப் பல வருடமாகிவிட்ட தையல்காரர். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார். மூன்றுக்கும் 1. நம்பாமல் மறுபடி கேட்டேன். “கடைக்கு வருகிறவன் பேசாமல் போனால் அல்லவா அதிசயம்!” என்று சிரித்தார். தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு என்று பயிற்சியில் சொன்னது அன்றுதான் புரிந்தது.

*

மூன்றாவதாக எழுதும் நான் இருப்பது ஷார்ஜாவில், ஓர் அறையில் எட்டுப் பேர். அந்த மூன்று கேள்விகளுக்கு மூலமான பெரிய அளவுகோலை, 20 கேள்வி கொண்டதை, ஓர் இரவு நானே நிரப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4. மொத்தம் 20 முதல் 80 வரை. முதலில் கூட்டியபோது 51. பிறகுதான் கவனித்தேன், நல்லவிதமாகக் கேட்கிற ஒன்பது கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக, 4-க்கு 1 என்று, போட வேண்டுமாம். திருத்தினால் 60. இதைத் தாண்டினால் நோய் என்று கோடு ஒன்றும் கிடையாது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தும் உங்களோடு இல்லை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு யோசிக்காமல் 4 போட்டிருந்தேன்.

மேல்கட்டிலிலிருந்து, “என்ன அண்ணே, பரீட்சையா?” என்று குரல் வந்தது. தாளை நீட்டினேன். அவருக்கு 63.