சாஃப்ட்பால்: கோச் கத்திக்கொண்டு ஓடி வந்தால் அம்பயர் என்ன செய்வது?

கொருக்குப்பேட்டை_புதுசு:
அம்பயராக நிற்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன ஞாயிறு தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பெண்கள் ஆட்டம், நான் பேஸ் அம்பயர், அதாவது ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ்கள் பக்கம் நின்று பார்ப்பவன். இரண்டாவது பேஸுக்குச் சறுக்கி வந்த பெண்ணுக்கு அவுட் கொடுத்துவிட்டேன், ஆனால் டேக் செய்த, அதாவது பந்து வைத்த கிளவ்வால் அவரைத் தொட்ட, வேகத்தில் கிளவ்விலிருந்து பந்து நழுவியது (நழுவினால் அவுட் இல்லை) நான் நின்ற பக்கத்திலிருந்து தெரியவில்லை. பேட்டிங் டீம் கோச் கத்திக்கொண்டே ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேட்டருக்குப் பின்னால் பிளேட்டில் நின்ற சீனியர் அம்பயர் அங்கிருந்தே சேஃப் என்று கையை விரித்துவிட்டார். அவ்வளவுதான், அடுத்த டீம் கோச்சும் உள்ளே. கால் மணி நேரம் ஆட்டம் நின்றது, பக்கத்தில் ஃபுட்பால் ஆடிய பசங்க ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான், சரி. இந்த மாதிரி நேரத்தில் கோச்சிடம் என்னதான் பேசுவது?

பழைய_பிளேட்:
தம்பி, நீங்கள் கேட்காமல் உங்கள் முடிவை சீனியர் மாற்றவே கூடாது, விதியே அதுதான். ஓட்டமெல்லாம் அடங்கியதும் டைம் கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். முடிவு கொடுத்த அம்பயரிடம்தான் கோச் பேச வேண்டும், அதனால் அவரை நீங்களே எதிர்கொள்ளுங்கள். அவர் முடிக்கிற வரை குறுக்கே பேசாதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், சண்டைக்கு நிற்பது போலத் தெரியும். அப்புறம் “டேக் பார்த்தேன், பந்து கையிலேயே இருந்ததா என்று தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்”, இது போதும். இரண்டு கோச்சையும் தள்ளி நிறுத்திவிட்டு சீனியரிடம் நடந்துபோய் மெதுவாகக் கேளுங்கள். முடிவு மாறினாலும் கையை விரிப்பது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

கத்துற_கோச்:
நான் கோச், கத்துகிற ஆள்தான். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் அம்பயருக்காகக் கத்துவதில்லை, நான் சும்மா இருந்தால் எங்கள் பிள்ளைகள் “சார் நமக்காகக் கேட்கவே இல்லை” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் காது கொடுத்தால் நானே திரும்பிப் போய்விடுவேன். “எனக்கு ரூல் தெரியும், போய் உட்காரு” என்று ஒருமையில் பேசினால்தான் எனக்கு ஏறும்.

ராயபுரம்_ஸ்கோரர்:
சேஃபா அவுட்டா, வீசிய பந்து ஸ்ட்ரைக்கா பாலா என்பதற்கெல்லாம் புரொட்டஸ்ட் (முறைப்படி ஆட்சேபம்) கிடையாது. விதியைத் தப்பாகப் போட்டிருந்தால் உண்டு, அதையும் அடுத்த பந்து வீசுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஆடுகிறவர்கள் பெயர் எழுதிய லைன்அப் கார்டு வாங்கும்போதே இரண்டு கோச்சுக்கும் இதை ஞாபகப்படுத்திவிட்டால் பாதி தலைவலி குறையும்.

கொருக்குப்பேட்டை_புதுசு:
நன்றிண்ணா. சீனியரிடம் கேட்டேன், “நீ என் பக்கம் திரும்பவே இல்லையேப்பா, அதான்” என்றார். வருகிற ஞாயிறும் அவரோடுதான், சந்தேகம் வந்தால் என்ன சைகை என்று முதலிலேயே டீக்கடையில் பேசி வைக்கப் போகிறேன்.