ஆட்டிறைச்சிக் கடைக் கத்திகளைத் தீட்டக் கல்லா, மின்கருவியா?

மட்டன்_கடை_உதவி:
சிங்கப்பூர்த் தேக்காவில் உறவினரின் ஆட்டிறைச்சிக் கடைக்குத் தீட்டும் கருவி வாங்க வேண்டும். 150 வெள்ளி ஒதுக்கியிருக்கிறோம். 6 அங்குல எலும்பு நீக்கும் கத்தி இரண்டு, 10 அங்குல வளைந்த இறைச்சிக் கத்தி ஒன்று. மூன்றும் ஜெர்மானிய வகைத் துருப்பிடிக்கா எஃகு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55, 56. நாலாவது, கனமான சீன வெட்டுக்கத்தி. எலும்பில் பட்டு அதன் வாயில் இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்து பல் விழுந்திருக்கிறது. பெர்த்தில் மைத்துனர் மான் வேட்டைக்கு வைத்திருக்கும் தோலுரிக்கும் கத்தி எஸ்30வி எஃகு; அவருக்கும் ஒன்று வாங்கி அனுப்ப எண்ணம். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி போதுமா?

மின்விசை:
கடை என்றால் மின்கருவிதான். வைரச் சக்கரமும், கத்தியை நுழைத்து இழுக்க 20 டிகிரி காடியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பக்கத்துக்கு மூன்று இழுப்பு, அடுத்த காடியில் இரண்டு இழுப்பு, வேலை முடிந்தது. கடையில் நேற்று சேர்ந்த தம்பி தீட்டினாலும் கோணம் மாறாது. கல்லில் கோணம் கையோடு ஆடும். இன்று 15, நாளை 25 என்று தீட்டினால் வாயை ஒட்டிய சரிவு உருண்டுபோய், எவ்வளவு தேய்த்தாலும் வாய் கல்லில் படவே படாது. காலை வியாபாரத்துக்கு நடுவில் கல்லை ஊறவைத்து உட்கார யாருக்கு நேரம்?

ஒன்று மட்டும்: டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளை ஆங்கில வி எழுத்துப் போல வைத்து விற்கும் மலிவான இழுப்புக் கருவியை வாங்காதீர்கள். அது தீட்டுவதில்லை, இரும்பைச் சுரண்டுகிறது. முதல் நாள் வெட்டும். சுரண்டிய வாய் கிழிசலாக இருப்பதால் சீக்கிரமே மடங்கிவிடும்.

கல்லும்_நீரும்:
இழுப்புக் கருவி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மின்கருவி பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது.

முதலில் நுனி. எலும்பு நீக்கும் கத்திக்கு உயிரே நுனிதான். மூட்டுக்குள் நுழைவதும் ஜவ்வை எடுப்பதும் அதுவே. சக்கரம் ஓடும்போது நுனி காடிக்குள் அரை நொடி நின்றாலும் உருண்டுவிடும். அடுத்தது அலகின் அடி. காடியின் சுவர் தடுப்பதால் பிடியை ஒட்டிய சில மில்லிமீட்டர் தீட்டப்படாமல் நிற்கும், அதற்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் தேயும். நாளடைவில் அங்கே பள்ளம் விழும். பலகையில் வைத்து வெட்டினால் பள்ளம் விழுந்த இடத்தில் இறைச்சி அறாமல் நாராகத் தொங்கும். இன்னொன்று, வெட்டுக்கத்தி. அதன் முதுகுத் தடிப்பு பல காடிகளுக்குள் போகவே போகாது. போனாலும் எலும்பில் விழும் வாய்க்கு 20 டிகிரி மெலிது, பக்கத்துக்கு 25 வேண்டும்.

கோணம் ஆடும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முதுகைக் கல்லிலிருந்து எவ்வளவு உயர்த்துகிறீர்கள் என்பதுதான் கோணம். 20 டிகிரி என்றால் அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அகலம் 20 மில்லிமீட்டர் உள்ள எலும்பு நீக்கும் கத்திக்கு 7 மில்லிமீட்டர், 40 உள்ள இறைச்சிக் கத்திக்கு 14. வெட்டுக்கத்தி 90 மில்லிமீட்டர் அகலம் என்றால் 25 டிகிரிக்கு 38. இந்த உயரத்தில் ஒரு மரத்துண்டைச் சீவி, தொடங்கும்போது முதுகுக்கு அடியில் வைத்துப் பாருங்கள், கை பழகிவிடும். சரிவில் மார்க்கர் மை பூசி மூன்று தேய்ப்பு தேயுங்கள். வாயோரம் மை மிச்சமிருந்தால் முதுகைத் தூக்க வேண்டும். மேல்பக்கம் மிச்சமிருந்தால் இறக்க வேண்டும்.

1000 கிரிட் கல் ஒன்று போதும் (கிரிட் எண் ஏற ஏறக் கல் மெல்லியது). கிங் வகைக் கல்லைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஷாப்டன் குரோமாகு என்றால் தண்ணீர் தெளித்தாலே போதும், ஊறப்போடக் கூடாது. கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் வாய் முழுக்கப் பிசிறு, அதாவது மெல்லிய இரும்பு விளிம்பு, எழும்பும் வரை நிறுத்தாதீர்கள். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை வெளிப்பக்கமாக இழுத்தால் பிசிறு தட்டுப்படும். பிறகு மறுபக்கம். கடைசியில் பக்கம் மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கும்படி ஏழெட்டுத் தேய்ப்பு. இந்த எஃகு மென்மையானது என்பதால் பிசிறு அறாமல் இப்படியும் அப்படியும் மடங்கும். தீட்டிய கத்தி ஒரு மணி நேரத்தில் மழுங்கிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிசிறால்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மின்விசை:
நுனி பிரச்சினை கருவியில் இல்லை, இழுப்பில் இருக்கிறது. வேகம் குறையாமல் இழுத்து, நுனி வெளியே வரும்போதும் கையை நிறுத்தாமல் இருந்தால் உருளாது. பள்ளம் விழுவதும் முக்கியமாக அலகின் அடியில் இரும்புத் தடிப்பு உள்ள வீட்டுக் கத்திகளில்தான். கடைக் கத்திகளில் அந்தத் தடிப்பே கிடையாது.

வெட்டுக்கத்தி காடிக்குள் போகாது என்பது உண்மை. அதற்கு மணற்பட்டை ஓடும் கருவி இருக்கிறது. 120 கிரிட் பட்டையில் தொடங்கி 400இல் முடிக்கலாம். கோணத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

கல்லும்_நீரும்:
பட்டையில் சூட்டைப் பற்றி நீங்கள் பேசவில்லை. வாய் காகிதத்தைவிட மெலிது; ஓடும் பட்டையில் ஒரே நொடியில் கொதித்துவிடும். துருப்பிடிக்கா எஃகில் நீலம் தெரியும்வரை பொறுத்தால், அதற்கு முன்பே எஃகின் பதம் போய் வாய் மென்மையாகியிருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்க வேண்டும், கையுறை இல்லாத விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நேற்று சேர்ந்த தம்பியிடம் இதை ஒப்படைக்கலாமா?

வைரத்தகடு:
இருவரும் எஸ்30வி கத்தியை மறந்துவிட்டீர்கள். அந்த எஃகில் கரி 1.45 விழுக்காடு, வனேடியம் 4 விழுக்காடு. இவை சேர்ந்து உள்ளே உருவாகும் வனேடியம் கார்பைடு துகள், சாதாரணக் கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். கல் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்கும், கார்பைடை அறுக்காது. நெடுநேரம் தேய்த்தாலும் நல்ல கடி வருவது கடினம். அதை ஒழுங்காக அறுப்பது வைரமும், கியூபிக் போரான் நைட்ரைடு என்னும் செயற்கைப் படிகமும்தான். பெர்த்துக்கு வைரத்துகள் பதித்த தகடு அனுப்புங்கள். காட்டில் ஊறவைக்கத் தண்ணீர் தேட வேண்டாம், பையில் உடையாது, மேடுபள்ளமும் ஆகாது.

கடைக்கும் அதையே சொல்வேன். டிஎம்டி நிறுவனத்தின் தகடுகளில் துகளின் அளவு நிறத்தில் தெரியும்: நீலம் 45 மைக்ரான், சிவப்பு 25, பச்சை 9. நீலமும் சிவப்பும் போதும். எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சிவப்பில் 600 என்றும் ஜப்பானியக் கல்லில் 1000 என்றும் இருக்கும். இரண்டும் வெவ்வேறு அளவுமுறை.

வைரத்தகட்டைக் கெடுப்பது அழுத்தம். அழுத்தினால் வைரத் துகள் அதைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சிலிருந்து பெயர்ந்துவிடும். புதுத் தகடு முதல் சில கத்திகளுக்கு அதிகக் கரடாக இருக்கும், பிறகு அடங்கும். அதைப் பார்த்துத் தகடு தேய்ந்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம்.

கல்லும்_நீரும்:
எஸ்30விக்கு வைரம், மறுப்பே இல்லை. ராக்வெல் 55 கத்திக்கு எதற்கு? மென்மையான எஃகில் வைரம் ஆழமாகக் கீறும், பிசிறும் பெரிதாக எழும்பும். அதை எடுக்க மறுபடி கல்லுக்குத்தான் வர வேண்டும். சிவப்பிலேயே நிறுத்தினால் கத்தியின் ஆயுள் குறையும்.

வைரத்தகடு:
கீறல் இறைச்சிக்கு நல்லது. வாய் கண்ணாடிபோல் பளபளத்தால் தக்காளியில் அழகாக இறங்கும், ஈரமான ஜவ்விலும் தோலிலும் வழுக்கும். நுண்ணிய பற்கள் உள்ள வாய்தான் இழுத்து வெட்டும்போது பிடிக்கும். 6000 கிரிட் வரை போகும் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் நேரத்தை வீணாக்குகிறார்.

கல்லும்_நீரும்:
6000 வேண்டும் என்று சொல்லவில்லை, 1000இல் நிறுத்தச் சொல்கிறேன். எலும்பை ஒட்டி நுனியை வளைக்கும் கத்திக்கு அதைவிடக் கரடான வாய் சீக்கிரம் உதிரும். நம் இருவருக்கும் வேறுபாடு அந்த ஒரு படிதான்.

ஈசூன்_சமையற்கூடம்:
நாள் முழுக்க வெட்டும் இடத்தில் கல்லோ தகடோ வாரத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் வாயைக் காப்பாற்றுவது தீட்டுக்கம்பி. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லையே.

10 அங்குலக் கத்திக்கு 12 அங்குலக் கம்பி வேண்டும். கம்பியின் நுனியைப் பலகையில் ஊன்றி நிமிர்த்திப் பிடித்து, கத்தியை மேலிருந்து கீழே இழுங்கள். காற்றில் வீசித் தீட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், கட்டைவிரல் போய்விடும். பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு, அழுத்தாமல். வரி ஆழமான கம்பி வாயைப் பிய்க்கும். மெல்லிய வரியோ வழவழப்பானதோ வாங்குங்கள். ராக்வெல் 60க்கு மேலுள்ள ஜப்பானியக் கத்தியைச் செராமிக் கம்பியில்தான் தொட வேண்டும், இரும்புக் கம்பியில் வாய் சில்லுச் சில்லாக உதிரும்.

கொழுப்புதான் பெரிய எதிரி. ஆட்டுக் கொழுப்பு கம்பியின் வரியை நிரப்பிவிட்டால் கத்தி அதன்மேல் சறுக்கிக்கொண்டே போகும். கல்லிலும் அதே கதை. தீட்டும் முன் கத்தியைச் சுடுநீரிலும் சோப்பிலும் கழுவித் துடையுங்கள், கம்பியையும் தினமும் கழுவுங்கள். தீட்டிய பிறகு மறுபடி கழுவாமல் இறைச்சியில் வைக்கக் கூடாது, இரும்புத்தூள் ஒட்டியிருக்கும்.

ஆட்டிறைச்சிக் கடைக்கு இஸ்லாமிய வாடிக்கையாளரும் வருவார்கள் என்பதால் இன்னொன்றும். பன்றி இறைச்சிக் கடைக் கத்தி தீட்டிய கல்லை இரவல் வாங்காதீர்கள், வெளியே தீட்டக் கொடுப்பதானாலும் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிசிறெடுக்கத் தோல்வார் வாங்கினால் மாட்டுத்தோல்தானா என்று உறுதிப்படுத்துங்கள். பன்றித்தோலும் விற்பனையில் இருக்கிறது.

மட்டன்_கடை_உதவி:
தோல்வார் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை அண்ணே, மிக்க நன்றி. பல் விழுந்த வெட்டுக்கத்தியை எப்படிச் சரிசெய்வது? ஒரு பல் ஒரு மில்லிமீட்டர் ஆழம், மற்றது அதில் பாதிகூட இல்லை.

வைரத்தகடு:
சின்னதுக்குத் தனி வேலை வேண்டாம். எலும்பு வெட்டும் கத்திக்கு அது இடைஞ்சல் இல்லை, பெரியதை எடுக்கும்போது தானே மறையும். பெரியதை 1000 கல்லில் எடுக்கப் பார்த்தால் பொழுது போய்விடும். 140 கிரிட் அளவுள்ள கரடான தகடு ஒன்று வேண்டும். கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, வாயைத் தகட்டில் நேராகத் தேய்த்துப் பல் மறையும்வரை மட்டமாக்குங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் வாய் வெள்ளைக் கோடாக மின்னும். அதன்பிறகு பக்கத்துக்கு 25 டிகிரியில் மாற்றி மாற்றித் தேய்த்து, அந்தக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதோடு போதும், பிசிறை மட்டும் 1000 கல்லில் எடுத்துவிடலாம். இதே கரடுத் தகடு கல்லை மட்டம் செய்யவும் உதவும்: கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கோடு முழுதும் அழியும்வரை தண்ணீரோடு தேயுங்கள்.

கல்லும்_நீரும்:
பல் ஏன் விழுந்தது என்று பாருங்கள். உறைந்த எலும்பை வெட்டினார்களா, வெட்டிய கத்தியை எலும்பிலிருந்து பக்கவாட்டில் திருகி எடுத்தார்களா? இரண்டில் எது நடந்தாலும் எந்தக் கருவியும் காப்பாற்றாது. உறைந்ததை மின்ரம்பத்தில் அறுங்கள். கல்லை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவைக்கவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சில கற்கள் இளகிப்போகும். நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

மட்டன்_கடை_உதவி:
கடைக்கு 1000 கல், கரடுத் தகடு, மெல்லிய வரிக் கம்பி. பெர்த்துக்குச் சிவப்புத் தகடும் பச்சைத் தகடும். 150 வெள்ளிக்குள் அடங்காவிட்டால் பெர்த் தகடுகளை அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறோம்.

மின்விசை:
பெர்த்துக்கு அனுப்புவது சரி. கடைக்கு வாங்குவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கடையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் கல் அலமாரியில்தான் கிடக்கும், கத்தி மழுங்கியே வேலை செய்யும், மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் கை வெட்டுப்படும். ஒரே ஆள் பொறுப்பேற்று வாரம் ஒரு நாள் தீட்டுவார் என்றால் கல் வாங்குங்கள். அப்படி ஒருவர் கடையில் இருக்கிறாரா?