பொருள்: 'வாட்டர்ஷெட்' – பாகூர் ஏரிக்கரைப் பலகைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

பாகூர் ஆசிரியை எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்களைச் சீராக்கும் வேலையில் விவசாயிகளோடு பள்ளிப் பிள்ளைகளும் இறங்கியிருக்கிறார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கரையில் பனங்கொட்டை நட்டிருக்கிறோம். மழை எங்கே விழுந்து எந்த வழியாக ஏரிக்கு வருகிறது என்று காட்டும் பெரிய பலகை ஒன்று வைக்கப்போகிறோம். அதன் ஆங்கில வரைவில் 'வாட்டர்ஷெட்' (மழைநீர் ஓடிவந்து ஓர் ஏரியிலோ ஆற்றிலோ சேரும் நிலப்பரப்பு) ஒன்பது இடத்தில் வருகிறது. அரசுத் தாள்களில் உள்ள 'நீர்வடிப்பகுதி'யை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "சாக்கடை போற இடமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வெள்ளிக்கிழமை காலை பலகை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

கடலூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

அம்மா, துறைச்சொல் இருக்கும்போது புதிது எதற்கு? தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை என்று ஓர் அமைப்பே இருக்கிறது. ஆறு முழுவதன் பரப்பு என்றால் வடிநிலம். விருத்தாசலத்தில் உள்ள அலுவலகத்தின் பெயர் வெள்ளாறு வடிநிலக் கோட்டம். அதற்குள் ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ உரிய சிறு பரப்பு நீர்வடிப்பகுதி. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் விளக்குவதுதான் வகுப்பின் வேலை, சொல்லை மாற்றுவது அல்ல.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆங்கிலச் சொல்லில் உள்ள 'ஷெட்' கொட்டகை அல்ல, பிரித்தல் என்ற பொருளுடைய பழைய சொல். இங்கிலாந்தில் அது இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீரைப் பிரித்துவிடும் மேட்டைக் குறித்தது. அமெரிக்காவில்தான் மேட்டுக்குள் அடங்கிய நிலம் முழுவதையும் குறிக்கத் தொடங்கியது. மேட்டுக்கு நம்மிடம் 'நீர்ப்பிரிமேடு' இருக்கிறது. இரண்டையும் குழப்பிவிட வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்:

பொறியாளர் ஐயா 'வடி'யைத் தாங்கிப் பேசியதில் எனக்கு மகிழ்ச்சி. சோறு வடிக்கிறோம், கண்ணீர் வடிக்கிறோம். வடித்தல் என்பதற்கு உருவாக்குதல் என்றும் பொருள் உண்டு. 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்பது புறநானூறு 312. கொல்லன் இரும்பை வடிப்பதைப் போல மழைநீர் நிலத்தை வடிக்கிறது. ஓடையையும் பள்ளத்தையும் செதுக்கியது நீர்தானே! 'நீர்வடி' என்பதை இப்படி இரண்டு வகையிலும் விரிக்கலாம். பிறகு வடு என்பது…

சரி, அதை விடுகிறேன். எனக்கு உள்ள குறை வேறு. 'வடி' ஓடுவதைச் சொல்கிறது, தேக்குவதைச் சொல்லவில்லை. புறநானூறு 18இல் குடபுலவியனார், 'நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர்' என்கிறார். நிலம் நெளிந்து பள்ளமாகும் பக்கம் பார்த்து நீரைத் தடுத்தவர்கள். ஏரி எங்கே அமைய வேண்டும் என்ற அறிவு அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. 'நெளிநிலம்' என்று வைப்போம். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

அரியாங்குப்பம், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வரி அழகு. ஆனால் பலகையில் நெளிநிலம் என்று எழுதினால் ஏதோ நிலம் சரிந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

இலங்கைத் தமிழில் 'நீரேந்துப் பகுதி' என்கிறார்கள். ஏந்தல் என்றாலே ஏரிதான், நம் பக்கத்து ஊர்ப் பெயர்களிலும் இருக்கிறது. என் ஓட்டு அதற்கே.

'வடி' வேண்டாம் என்பதில் மட்டும் ஆசிரியை அக்கா பக்கம் நிற்கிறேன். 2015 நவம்பரில் கடலூரில் என் தங்கை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோதும் அதே கதை. எல்லா வாயிலும் "எப்ப வடியும்?" என்ற ஒரே கேள்வி. கடலூர்க்காரர்களுக்கு வடிதல் என்பது சனியன் தொலைவது. பாதுகாக்க வேண்டிய இடத்துக்கு அந்தப் பெயரா?

பாகூர் ஆசிரியை:

நேற்று மாலை மதகடியில் உட்கார்ந்திருந்த நாலைந்து பெரியவர்களிடம் படத்தைக் காட்டினேன். "இந்த இடம் முழுசுக்கும் என்ன சொல்வீங்க?" என்றேன். யோசிக்கவே இல்லை. "தண்ணி வரத்து" என்றார்கள். வரத்து வாய்க்கால் என்பது அவர்கள் தினமும் சொல்வது. 'நீர்வரத்துப் பகுதி' என்று வைத்தால் என்ன?

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்:

வரத்து நல்ல தமிழ்தான் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் செய்தித்தாளில் 'அணைக்கு நீர்வரத்து 2,000 கன அடி' என்று வருகிறதே, அங்கே அது வரும் நீரின் அளவு. ஒரே சொல் நிலத்தையும் அளவையும் சுமந்தால் நாளைக்கு மாணவர் தடுமாறுவார்.

கடலூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாகூர் ஏரி தன் சுற்றுச் சரிவில் விழும் மழையை மட்டும் நம்பி இல்லை. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் அதற்கு உயிர். அந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி வருகிறது. 'நீர்வரத்துப் பகுதி' என்றால் நந்தி மலையும் பாகூர் பலகையில் ஏறிவிடும். நீர்வடிப்பகுதி என்பது இயற்கைச் சரிவு வகுக்கும் எல்லை. மனிதன் வெட்டிய வாய்க்கால் அதில் சேராது.

பாகூர் ஆசிரியை:

ஐயா, நந்தி மலை ஏறட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். மேலே ஒருவர் மணல் அள்ளினால் இங்கே வாய்க்கால் வாயில் தண்ணீர் ஏறாது. பிள்ளைகள் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்க்காலை வெட்டியது மனிதர் என்பதால் அதைப் படத்திலிருந்து எடுத்தால் எங்கள் ஏரியே வறண்டுவிடும்.

அரியாங்குப்பம், மொழிபெயர்ப்பாளர்:

இடையில் ஒரு சந்தேகம். பங்காரு என்பது தெலுங்கில் பொன் என்பதால் வந்த பெயரா? பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டியது என்றல்லவா எங்கள் ஆயா சொல்வார்?

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்:

ஊர்க்கதையை அப்படியே பலகையில் போடுங்கள் தம்பி. பெயராய்வு பிறகு செய்யலாம், அதற்குத் தனி இழை வேண்டும்.

பாகூர் ஆசிரியை:

நாளை வெள்ளி. இதுவரை வந்த மடல்களில் நான்கு பேர் நீர்வரத்துப் பகுதிக்கு, இரண்டு பேர் நீரேந்துப் பகுதிக்கு, பொறியாளர் ஐயா நீர்வடிப்பகுதிக்கு. பலகையில் 'நீர்வரத்துப் பகுதி' என்று எழுதுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறியில் 'நீர்வடிப்பகுதி' சேர்க்கிறேன். அரசுத் தாளைப் படிக்கும்போது பிள்ளைகள் திகைக்கக் கூடாது. பங்காரு வாய்க்காலைத் தனி நிறத்தில் தீட்டச் சொல்லியிருக்கிறேன். ஐயாவின் எல்லைக்கோடும் தெரியும், எங்கள் தண்ணீரும் தெரியும்.

கடலூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

தனி நிறம் என்றால் சரி. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த மாதம் கெடிலம் ஆற்றுக் கையேடு என் பொறுப்பில் வருகிறது. அதில் நீர்வடிப்பகுதிதான்.

திருப்பாதிரிப்புலியூர், தமிழாசிரியர்:

பலகையின் அடியில் இடம் இருந்தால் அந்தப் புறநானூற்று வரியை மட்டும் போடுங்கள் அம்மா. 'நெளி'க்கு இரட்டைச் சுழி னகரம் அல்ல, தந்நகரம்; அதற்கு ஒற்றைக் கொம்பு, ளகரத்தில் இகரம். எழுதுபவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.