பக்கம் ரீலோட் ஆகாமல் படிவம் அனுப்புவது: வேலூர் லாட்ஜ் முன்பதிவில் எங்கே சிக்குகிறது?

காட்பாடி:
சிகிச்சைக்கு வங்காளம், அசாமிலிருந்து வேலூருக்கு வருகிறவர்கள் ஓடும் ரயிலில் போனிலேயே அறைப் படிவத்தை நிரப்புகிறார்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். நடுவில் ரீலோட் ஆனால் நிரப்பியதெல்லாம் போச்சு. அதனால் பக்கம் மாறாமல் பின்னணியில் சர்வருக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான ஃபெட்ச்தான் சரி. ஆனால் பட்டனின் கிளிக்கைப் பிடித்து அங்கே பிரிவென்ட்டீஃபால்ட் (பிரவுசர் தானாகச் செய்வதைத் தடுக்கும் கட்டளை) போடாதீர்கள். கட்டாயப் பெட்டி காலியா என்று பிரவுசர் பார்ப்பதே நின்றுவிடும். படிவத்தின் சப்மிட் நிகழ்வைப் பிடியுங்கள். பிரிவென்ட்டீஃபால்ட் முதல் வரியிலேயே இருக்கட்டும். பதிலுக்குக் காத்திருக்கும் அவெய்ட்டுக்குப் பிறகு போட்டால் அதற்குள் பக்கம் ரீலோட் ஆகியிருக்கும்.

ஆம்பூர்:
சரியாச் சொன்னீங்கண்ணே. அடுத்த சிக்கல், படிவத்தில் நிரப்பியதைத் திரட்டும் ஃபார்ம்டேட்டாவில். எச்டிஎம்எல்லில் நேம் கொடுக்காத பெட்டியை அது எடுக்காது, ஐடி மட்டும் இருந்தால் போதாது. டிசேபிள் ஆன, அதாவது பூட்டிய பெட்டியையும் விட்டுவிடும். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூரில், ஆற்காடு ராணிப்பேட்டையில் என்று பட்டியலை மாற்றுகிறோம் இல்லையா, அப்போது தாலுகா பெட்டியைப் பூட்டி வைத்துத் திறக்க மறந்தால் திரையில் பெயர் தெரியும், சர்வருக்குப் போகாது. இரட்டை அழுத்தலைத் தடுக்கப் பெட்டிகளையும் பட்டனையும் பூட்டுவதும் ஃபார்ம்டேட்டாவை எடுத்த பிறகுதான்.

அனுப்பும் தரவு என்ன வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெட்டரை நீங்களே எழுத வேண்டாம். பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரியை பிரவுசர்தான் அதில் சேர்க்கிறது. நீங்கள் எழுதினால் பவுண்டரி இருக்காது, சர்வரில் ஓடும் பிஎச்பியில், வந்த தரவு இருக்க வேண்டிய போஸ்ட் காலியாக நிற்கும். அடையாள அட்டைப் போட்டோ வாங்கினால் கவனம்: பிஎச்பியின் இயல்பு அளவு ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தத்துக்கு 8 எம்பி. 2-ஐத் தாண்டினால் போட்டோ மட்டும் வராது. 8-ஐத் தாண்டினால் பெயர்கூட வராது.

சத்துவாச்சாரி:
சர்வர் 500 என்ற பிழை எண்ணை அனுப்பினாலும் ஃபெட்ச், பிழையைப் பிடிக்கும் கேட்ச்சுக்குப் போகாது. பதில் வெற்றியா என்று சொல்லும் ரெஸ்பான்ஸின் ஓகே-யைப் பார்க்காமல் 'பதிவானது' என்று காட்டினால், நோயாளியோடு வந்து இறங்குகிறவருக்கு அறை இருக்காது. பூட்டிய பட்டனையும் பெட்டிகளையும் திறப்பதை, வெற்றியோ பிழையோ எப்போதும் ஓடும் ஃபைனலியில் வையுங்கள்.

ஃபெட்ச்சுக்கென்று தனிக் காலக்கெடு கிடையாது. கோரிக்கையை நிறுத்தும் அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டில் 15000 மில்லிவிநாடி கொடுத்தால் 15 விநாடியில் விட்டுவிடும். ஆனால் அது நம் பக்கம் காத்திருப்பதை நிறுத்துவதுதான். கோரிக்கை சர்வரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். மறுபடி அழுத்தினால் இரண்டு அறை. அதற்கு, பக்கம் திறக்கும்போதே ஒரு யூயூஐடி (வேறு எதனுடனும் ஒத்துப்போகாத தனி அடையாளம்) உருவாக்கி மறைவுப் பெட்டியில் வையுங்கள், டேட்டாபேஸில் அதற்கான நெடுவரிசையை யுனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி) ஆக்குங்கள். அதே ஐடி மறுபடி வந்தால் பிழை காட்டாமல் பழைய பதிவு எண்ணையே திருப்பி அனுப்புங்கள்.

ஆம்பூர்:
ஒன்று சேர்க்கிறேன்: அந்த ஐடியை உருவாக்கும் ரேண்டம்யூயூஐடி கட்டளை எச்டிடிபிஎஸ் தளத்திலோ, சொந்தக் கணினியின் லோக்கல்ஹோஸ்டிலோதான் கிடைக்கும்.