புதுப்பிப்பு: மகளின் கோடைகாலத் தடயவியல் படிப்பு

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிய மகளை லண்டனில் அக்கா வீட்டில் நிற்கவைத்து, பல்கலைக்கழகம் ஒன்றின் இரண்டு வாரத் தடயவியல் வகுப்புக்கு விடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விட்டோம். திரும்பி யாழ்ப்பாணம் வந்தும் சேர்ந்துவிட்டாள்.

பிணவறைப் பக்கமே போகவில்லையாம். பாதி நேரம் குறிப்பெழுதுவதும் தடயம் போட்ட பைக்கு முத்திரை வைப்பதும்தான். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு அறுந்தால் நீதிமன்றத்தில் தடயம் நிற்காமல் போகலாம்.

வந்த அன்றே பென்சில் கரியைச் சுரண்டி, பழைய மேக்கப் தூரிகையால் கண்ணாடித் தம்ளரில் தடவி, செலோடேப்பால் என் ரேகையை எடுத்துக் காட்டினாள். சுழி தெளிவாக விழுந்தது. அம்மம்மாவின் விரலில் மட்டும் வெறும் மங்கல். வயதும், காலமெல்லாம் தேங்காய் துருவி, சட்டி தேய்த்த வேலையும் ரேகையைத் தேய்த்துவிடுமாம். "அப்ப நான் களவெடுக்கலாம்" என்றார் கிழவி.

எலும்பு வகுப்புதான் அவளை உலுக்கியிருக்கிறது. காறை எலும்பின் (கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இருப்பது) உள்முனை இருபதுகளில்தான் முழுதாக ஒட்டும். அதை வைத்து வயதைக் கணிக்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் செம்மணிப் புதைகுழிகளில் 1999இல் 15 எலும்புக்கூடுகள் எடுத்ததும், 2025இல் அங்கேயே சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியதும் தெரிந்த பிள்ளைக்கு அது வெறும் பாடமில்லை.

சரி, அடுத்தது? இங்கே பிரேதப் பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் வேலை, அதற்கு மருத்துவம் படிக்க வேண்டும். இப்போது ஏ.எல் பெறுபேற்றை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.